ஊசி போடாமல் திரும்பிய நாள்

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சொல்லத் தொடங்கி இன்னொன்றுக்குள் போய்விடுவேன், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு, மாதம் எல்லாம் தலைக்குள் கலைந்துபோய்விட்டன. எந்த இடம்பெயர்வுக்கு முன், எந்த மழைக்குப் பின் என்று கேட்டால் ஓரளவு சொல்வேன்.

போன மாதம் ஒரு இளம் பெண் டொக்டர், வயதுக்கு மகள் என்றுதான் அழைப்பேன், குறிஞ்சாக்கேணியில் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக் காலத்தில் எங்கள் மாவட்டத்தில் வைத்தியம் எப்படி நடந்தது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். ஓய்வு பெற்ற சிற்றூழியர்களையும் கேட்க வேண்டும் என்று தேடி வந்திருந்தார். கைத்தொலைபேசியைத் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, "நீங்க கதைக்கிறதை இது பிடிச்சு வைக்கும் மாமி. நீங்க சும்மா கதைங்கோ" என்றார். அதைப் பார்த்ததும் என் வாய் ஒட்டிக்கொண்டது. வெளி ஆட்களோடு கதைப்பதென்றாலே எனக்குக் கூச்சம். ஓம், இல்லை என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு அன்றைய நேரத்தைப் போக்கினேன்.

அகதி முகாமுக்கு மருந்து கொண்டு போய், ஊசி போடாமல் திரும்பிய நாள் உண்டா என்றும் கேட்டார். ஓம் என்றேன். ஏன் என்றார். மருந்து பழுதாகிப் போனது என்றேன். "அப்ப அண்டைக்குச் சேவை நடக்கேல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் போன பிறகு கோப்பைகளைக் கழுவும்போதும் அந்தச் சொல் என்னை விடவில்லை. படலையடியில் நின்று, "கதைக்க ஏலாட்டி எழுதித் தாங்கோ மாமி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதனால் எழுதுகிறேன்.

வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வீட்டில் உழைக்க ஆளில்லை. யாரோ நல்ல மனிதர் சொல்லி, கிண்ணியாவில் சுகாதாரப் பகுதியில் எனக்குச் சிற்றூழியர் வேலை கிடைத்தது. கண்ணாடி ஊசிகளை அவிப்பது, மேசை துடைப்பது, நிறுக்கும்போது குழந்தையைப் பிடிப்பது, இவைதான் வேலை. பழகியது எல்லாம் பார்த்துப் பழகியதுதான். பெண்கள் இருக்கிற வீடுகளுக்குள் போய்ப் பேச ஒரு முஸ்லிம் பெண் வேண்டும் என்று சீக்கிரமே வெளிவேலைக்கு அனுப்பினார்கள். அப்படித்தான் மெற்றில்டா மிஸ்ஸியிடம் போய்ச் சேர்ந்தேன். தாதிமாரை இங்கே மிஸ்ஸி என்போம்.

மிஸ்ஸி பாலையூற்றுக் கத்தோலிக்கப் பெண். உயரம், மெலிவு, எப்போதும் இறுக்கிப் போட்ட கொண்டை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது ஒன்றைப் பிழையாகச் செய்துவிட்டால், யார் செய்தது என்று கேட்க மாட்டார். "இப்ப என்ன செய்வம்?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கிற அவசரத்தில் நமக்குப் பயம் போய்விடும். முகாமில் தாய்மார் பாயில் இருந்தால் அவருக்குக் கதிரை போட்டாலும் இருக்க மாட்டார். பாயிலேயே இருப்பார். சென்றி என்கிற காவலரணில் நிற்கிற ஆமிக்காரரோடு சிங்களத்தில் பேசும்போதும், எங்களோடு பேசுகிற அதே குரல்தான்.

அப்போது பாலங்கள் இல்லை. நகரத்திலிருந்து மருந்து வருவதென்றால் நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறித்தான் கிண்ணியாவுக்கு வர வேண்டும். சில வாரம் பாதை ஓடாது. ஓடினாலும் மறிப்பார்கள். அப்படி வந்து சேர்ந்த மருந்தை மறுநாள் காலையில் குளிர்ப்பெட்டிக்குள் அடுக்குவது என் வேலை.

அதை எப்படி அடுக்குவது என்று மிஸ்ஸி எனக்கு ஒருமுறைதான் காட்டினார். பெட்டியின் நான்கு பக்கத்துக்கும் ஐஸ் கட்டிய தட்டைப் போத்தல்கள் உண்டு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே அவற்றை வைக்கக் கூடாது. வெளியே வைத்து வேர்க்க விட வேண்டும். பிறகு காதோடு வைத்துக் குலுக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஆடும் சத்தம் கேட்டால்தான் அது பெட்டிக்குள் போகலாம். சத்தம் இல்லையென்றால் இன்னும் கடுங்குளிர் என்று அர்த்தம். மருந்துப் போத்தல்களைக் கடதாசியில் சுற்றி நடுவில் வைக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு வாயில் விடும் சொட்டு மருந்து உறைந்தாலும் பழுதாகாது. ஏற்பு ஊசி மருந்து அப்படியல்ல. வெயிலும் அதற்கு ஆகாது, உறைந்தாலும் செத்துவிடும். "வெக்கை மெல்ல மெல்லக் கொல்லும் ஜெஸீமா, உறைஞ்சால் ஒரேயடியாப் போச்சு" என்பார் மிஸ்ஸி.

ஏற்பு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தொப்புள்கொடியைத் துருப்பிடித்ததால் வெட்டினாலோ, வெட்டிய இடத்தில் அழுக்குப் பட்டாலோ வரும். பிறந்து சில நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரென்று உறிஞ்ச முடியாமல் போகும். தாடை இறுகும். பிறகு உடம்பு வில்லாக வளையும். வயிற்றில் இருக்கும்போதே தாய்க்கு ஊசி போட்டால் குழந்தைக்குக் காவல். எங்கள் பக்கத்தில் அது ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. சண்டையில் சனம் காடு வழியே ஓடி, காட்டிலேயே பிள்ளை பெற்றபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரும்பி வந்தது.

நான் சொல்ல வந்த நாளில், களப்பு என்கிற கடலேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த தமிழ்ச் சனம் இருந்தது. ஆமிக்காரர் எங்களை வெகுநாள் மறித்து வைத்திருந்துவிட்டு அன்றுதான் போக விட்டார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்பு ஊசியும் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்தும் கொண்டு போனோம். தோணி மஜீது நானாவுடையது. அவர் மீன்காரர். சுகாதாரப் பகுதிக்கு இரவல் தோணிக்காரர்.

சென்றியில் மிஸ்ஸியையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஆமிப் பெரியவர் வந்துதான் பெட்டியைப் பார்ப்பார், அதுவரை கரையில் இருக்கட்டும் என்றார்கள். மஜீது நானாவிடம் பெட்டியை விட்டுவிட்டுப் போனோம். பெரியவர் வரத் தாமதம். வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தார். திறக்கிறபோதெல்லாம் குளிர் போகும் என்று மிஸ்ஸி சிங்களத்தில் சொன்னதும் அவரே மூடிவிட்டார். பிறகு எங்கள் பைகளைச் சோதிக்க மறுபடியும் உள்ளே போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது பெட்டி தோணிக்குள் ஏறியிருந்தது. மூடிக்கு மேல் கயிறு போட்டு, ஈரச் சாக்கும் போர்த்தியிருந்தது.

"நல்லாக் கட்டி வெச்சிரிக்கன் மிஸ்ஸி. பயப்படாம வாங்க" என்றார் மஜீது நானா. முகத்தில் ஒரு பெருமை. சாக்கைப் போர்த்தியதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தோம்.

பள்ளிக்கூடத்தில் தாய்மார் விறாந்தை முழுக்க இருந்தார்கள். முன்னுக்கு இருந்தவள் சரோ. மாதம் ஏறிய வயிறு, கால்கள் வீங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால் மாமியார் தங்கம்மா. சரோவின் முதல் பிள்ளை காட்டில் பிறந்து ஏற்பில் போனது. அதை எங்களுக்குச் சொன்னது தங்கம்மாதான். சொல்லும்போது அவர் முகம் அசையவில்லை. சரோவின் புருஷன் விறகுக்குப் போனவன் திரும்பவில்லை.

"இந்த ஊசிக்காகத்தான் இருக்கிறம் மிஸ்ஸி" என்றார் தங்கம்மா. "வேற ஒண்டும் நாங்கள் கேக்கேல்லை."

நான் கயிற்றை அவிழ்த்து மூடியைத் திறந்தேன். கைக்குக் குளிர் குத்தியது. தட்டைப் போத்தல்களுக்கு நடுவே, மருந்துக்கு மேலும் கீழும், பொடித்த ஐஸ் நிரம்பிக் கிடந்தது. மீன் வாசம். மிஸ்ஸி ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார். உப்புக் கரித்தது.

மீனுக்கு வெறும் ஐஸ் காணாது. இங்கே கல்லுப்புத் தூவித்தான் அடுக்குவார்கள். அப்போதுதான் குளிர் ஏறும், மீன் கல்லாக நிற்கும். கிண்ணியாவில் மீன்காரர் எல்லாருக்கும் தெரிந்த கைவேலை அது. வெயில் பெட்டியின் மேல் விழுவதைப் பார்த்திருக்கிறார் மஜீது நானா. பக்கத்து வள்ளத்தில் ஐஸ் வாங்கி, தன் மீனுக்குச் செய்வதை மருந்துக்கும் செய்திருக்கிறார்.

மிஸ்ஸி பெட்டியின் ஓரத்திலிருந்து ஒரு மருந்துப் போத்தல், நடுவிலிருந்து ஒன்று, இரண்டை எடுத்துக் கடதாசியைப் பிரித்தார். உள்ளே ஐஸ் நெளி நெளியாகத் தெரிந்தது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் கரைய விட்டார். கரைந்ததும் நன்றாகக் குலுக்கி, பள்ளி வாங்குப் பலகையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.

நல்ல மருந்தென்றால் குலுக்கிய பிறகு வெகுநேரம் பால் மாதிரிக் கலங்கியே நிற்கும். உறைந்து கெட்டதென்றால் சீக்கிரம் திட்டுத் திட்டாக அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்துவிடும். மிஸ்ஸி சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்து மணிகளை உருட்டத் தொடங்கினார். நேரம் பார்க்க அவர் செய்வது அதுதான். நான் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததை ஓதினேன். தாய்மார் எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது.

ஓரத்துப் போத்தல் முதலில் தெளிந்தது. நடுப்போத்தல் நின்று பிடிக்கும் போல இருந்தது. என் மனம் அதையே பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதற்குள்ளும் வெள்ளைத் திட்டுகள் இறங்கத் தொடங்கின. மிஸ்ஸி செபமாலையை மடித்து வைத்தார்.

"ஜெஸீமா, சொட்டு மருந்தைப் பிள்ளையளுக்குக் குடுக்கத் தொடங்குங்கோ" என்றார். பிறகு பாயில் உட்கார்ந்து, தாய்மாரைப் பார்த்துச் சொன்னார். "ஏற்பு மருந்து உறைஞ்சு பழுதாப் போச்சு. இண்டைக்கு ஊசி போட ஏலாது. பெட்டி என்ர பொறுப்பு. பிழை என்ரது."

தங்கம்மாதான் முதலில், "எங்களுக்கெண்டு கொண்டாறதிலதான் பழுது வருமோ?" என்றார்.

சரோ முழங்காலில் எழும்பினாள். "பழுதெண்டாலும் பரவாயில்லை மிஸ்ஸி. தண்ணியெண்டாலும் குத்தி விடுங்கோ. போட்டனான் எண்டு மனமாவது ஆறும்."

"அந்த ஆறுதல்தான் பிள்ளை ஆபத்து" என்றார் மிஸ்ஸி. "ஊசி போட்டாச்சு எண்டு நம்பி நீர் இஞ்சயே இருந்திடுவீர்."

தோணியைக் கட்டிவிட்டு வந்த மஜீது நானா விறாந்தைப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "மிஸ்ஸி செய்யல்ல. ஐஸ் போட்ட நான்தான்" என்றார். "வெயிலப் பார்த்துப் பயந்துட்டன். மீனுக்குப் போடுற மாதிரி, உப்பும் சேர்த்துப் போட்ட."

தங்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்கட பிள்ளையளைப் பாரைமீனெண்டு நினைச்சீரோ?"

"நல்ல மீனுக்குத்தாம்மா உப்பு ஐஸ் போடுற" என்றார் அவர். "கழிவு மீனுக்குப் போடுறல்ல."

பின்னுக்கு இருந்த ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கம்மா சிரிக்கவில்லை, ஆனால் அதற்கு மேல் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

மிஸ்ஸி தன் கேள்வியைக் கேட்டார். "சரி. இப்ப என்ன செய்வம்?"

என்ன செய்வது என்று அவர் முன்பே முடிவு செய்திருந்தார் என்று நினைக்கிறேன். மற்றத் தாய்மாருக்கு இன்னும் மாதம் இருந்தது, அடுத்த தடவை போடலாம். சரோவுக்கு அடுத்த தடவை கிடையாது. அவளைத் தோணியில் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரியில் நல்ல மருந்து இருக்கிறது. அங்கேயே நின்று, சுத்தமான கத்தரிக்கோலால் கொடி வெட்டி, பிள்ளையோடு திரும்பலாம். "நான் திருப்பிக் கொண்டுவந்து விடுறன்" என்றார் மிஸ்ஸி.

தங்கம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கொண்டு போன ஆக்கள் எல்லாரும் திருப்பிக் கொண்டுவாறம் எண்டுதான் மிஸ்ஸி சொன்னவை."

அந்தக் காலத்தில் சென்றி தாண்டிப் போவதென்றால் தமிழ்ச் சனத்துக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். எங்கள் முஸ்லிம் பக்கத்துக்கு வருவதும் அவர்களுக்குப் பயம்தான். அவர்கள் பக்கம் போவது எங்களுக்கும் பயம்தான். இரண்டு பக்கத்திலும் மௌத்துகள் இருந்தன. இதை நான் விரித்து எழுத மாட்டேன்.

"மகன் தேடி வந்தா நான் என்னத்தைக் காட்டுறது?" என்றார் தங்கம்மா. அது எங்களைக் கேட்டதல்ல.

நான் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தேன். தங்கம்மா எழும்பி வாங்கடிக்குப் போனார். அந்த இரண்டு போத்தல்களையும் குனிந்து பார்த்தார். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் வெள்ளை. தொடவில்லை.

"இது பழுதெண்டு எங்களுக்குத் தெரியாது" என்றார். "நீங்கள் குத்திப்போட்டுப் போயிருக்கலாம். கும்பிட்டு அனுப்பியிருப்பம். ஏன் செய்யேல்லை?"

"நான் திரும்பியும் இஞ்ச வரவேணும் அம்மா" என்றார் மிஸ்ஸி. "உங்கட முகத்தைப் பாக்கவேணும்."

தங்கம்மா என் பக்கம் திரும்பினார். அதுவரை அவர் என்னைப் பார்த்ததே இல்லை. "இந்தச் சோனகப் பிள்ளையின்ர வீடு எங்க?"

மிஸ்ஸிதான், "குறிஞ்சாக்கேணி. தாயோட இருக்கிறா" என்றார்.

"அப்ப சரோ ஆஸ்பத்திரியால வந்து இவவின்ர வீட்டில நிக்கட்டும். அங்கத்தை முகாமில விடாதேங்கோ" என்றார். பிறகு என்னிடம், "பிள்ளை, உம்மட கையிலதான் தாறன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். என் வேலைக் காலத்தில் நான் ஏற்றுக்கொண்ட பெரிய பொறுப்பு அது. அதற்குக்கூட நான் வாய் திறந்து ஓம் சொல்லவில்லை.

தோணியில் சரோ பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். சென்றியில் மிஸ்ஸி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே பேசினார். விட்டார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டது. இன்னுமொன்று இடைவெளி விட்டுப் போட்டது என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அவள் முதலில் சாப்பிடவில்லை. உம்மா சந்தையில் புதுச் சட்டி வாங்கி, அவளுக்கென்று தனியாக மரக்கறி சமைத்து, "இதுல மாடு ஏறல்ல மகள். பயப்படாமத் தின்னுங்க" என்றார். அதற்குப் பிறகு சாப்பிட்டாள். அக்கம்பக்கத்தில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தி உம்மாவிடம், "அவங்கட ஆளை ஏன் வெச்சிரிக்கீங்க?" என்று கேட்டாள். "வயித்தில இரிக்கிற எவங்கட ஆளெண்டு நீ பாத்தியா?" என்று கேட்டுவிட்டு உம்மா உள்ளே வந்துவிட்டார்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண் குழந்தை. கொடி வெட்டியது மிஸ்ஸியே. வீட்டுக்கு வந்த பிறகு சரோ நித்திரை கொள்ளவில்லை. குழந்தை பால் குடித்து முடித்தாலும் சுண்டுவிரலை அதன் வாயில் வைத்து, உறிஞ்சுகிறதா என்று பார்ப்பாள். முதல் பிள்ளை பிறந்து எத்தனையாம் நாளில் உறிஞ்சாமல் விட்டது என்று அவளுக்குத் தெரியும். இந்தக் குழந்தைக்கும் அந்த நாள் வந்தபோது விடியத் தொடங்கிப் பொழுது சாயும்வரை விரலை எடுக்கவில்லை. குழந்தை விரலையும் விடவில்லை. பொழுது பட்ட பிறகு அவள் என் மடியில் தலையை வைத்து அழுதாள். நானும் அழுதேன்.

சென்றி திறந்ததும் மஜீது நானா தோணியில் எங்களைக் கொண்டுபோனார். மிஸ்ஸியும் வந்தார், சொன்ன சொல்லுக்கு. தங்கம்மா கரையில் நின்றார். யாரையும் வா என்றுகூடச் சொல்லவில்லை. களப்புத் தண்ணீரில் கையைக் கழுவி, சேலையில் துடைத்து, சுண்டுவிரலைக் குழந்தையின் வாயில் வைத்தார். அது உறிஞ்சியது. அப்போதுதான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

இப்போது பெட்டிக்குள் ஒரு சின்னக் கருவி வைக்கிறார்களாம். மருந்து உறைந்தால் அதுவே காட்டிக்கொடுக்குமாம். டொக்டர் மகள் சொன்னார். பாலமும் வந்துவிட்டது. நல்லது. மஜீது நானா மாதிரி ஒருவர் பயந்து ஐஸ் போட வேண்டிய தேவையே இல்லை.

மெற்றில்டா மிஸ்ஸி காலமாகிவிட்டார். தங்கம்மாவும் போய்விட்டார், மகன் கடைசிவரை வரவில்லை. மஜீது நானா இருக்கிறார், காது மந்தம், பக்கத்தில் போய் உரத்துக் கேட்க வேண்டும். சரோவும் மகளோடு நகரத்தில் இருக்கிறாள். நான் எழுதியதை யாராவது இவர்களிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஐஸ் பெட்டி முழுவதுமா பாதியா, இரண்டாவது ஊசி எங்கே போட்டது, இதில் எல்லாம் நான் பிழை விட்டிருக்கலாம். திருத்திக்கொள்ளுங்கள்.

ஏற்பு ஊசி அன்று ஒருவருக்கும் அந்த முகாமில் போடவில்லை, அது சரிதான். ஆனால் டொக்டர் மகள், சேவை நடக்கவில்லை என்று எழுதுவதென்றால், அந்த ஒரு வரியை மட்டும் முதலில் சரோவிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.